பசுமரத்தாணியை ஆராய்ந்த பேராசிரியர்

இளமையில் கற்றது பசுமரத்தாணி போல நெஞ்சில் பதியும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நினைவைப் பற்றி மக்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் கருத்து முழுவதும் இந்த ஓர் உவமையில் அடங்கிவிடுகிறது எனலாம். ஆணி அடிக்கப்படுகிறது, மரம் அதைப் பற்றிக்கொள்கிறது, பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அடித்த இடத்தில் அது அப்படியே இருக்கிறது. கண்டதும் கேட்டதும் அவ்வாறே மனத்தில் தைத்து நிற்கின்றன என்றும், வேண்டும்போது அவற்றை மாற்றமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்றும் நாம் நம்புகிறோம். ஏட்டுச் சுவடி, இரும்புப் பெட்டி, நிழற்படம், ஒலிநாடா என்று காலத்துக்குக் காலம் உவமைகள் மாறினவே தவிர, நம்பிக்கை மாறவில்லை.

ஆனால் பசுமரம் உயிருள்ளது அன்றோ? அது நாள்தோறும் வளர்கிறது. பட்டை தடித்து ஆணியை மூடுகிறது. நேராக அடித்த ஆணி சாய்ந்துபோகிறது. சில ஆண்டுகளில் ஆணி எது, மரம் எது என்று பிரித்துக் காண்பதே அரிதாகிவிடுகிறது. நினைவை அறிய விரும்புவோர் ஆணியை மட்டும் பார்த்தால் போதாது, அதை வாங்கிக்கொண்ட மரத்தையும் பார்க்க வேண்டும் என்று சோதனை வாயிலாகக் காட்டிய உளவியல் அறிஞர் சர் ஃபிரடெரிக் பார்ட்லெட் ஆவார். அவரது வாழ்க்கை, கல்வியில் ஆர்வமுள்ள இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்டோ-ஆன்-தி-வோல்ட் என்னும் சிற்றூர் உள்ளது. குன்றின்மேல் அமைந்த பழைய சந்தை ஊர் அது. அங்கே 1886-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் ஃபிரடெரிக் சார்லஸ் பார்ட்லெட் பிறந்தார். தந்தையார் காலணி செய்யும் தொழிலை நடத்தி வந்தவர். செல்வக் குடும்பமும் அன்று, வறுமையில் வாடிய குடும்பமும் அன்று.

பார்ட்லெட் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1885-இல், ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் நினைவாற்றல் பற்றிய தம் புகழ்மிக்க நூலை வெளியிட்டிருந்தார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துக் கணக்கிட்டவர் அவர். நினைவையும் அளந்து பார்க்கலாம் என்று உலகுக்குக் காட்டிய பெருமை அவருடையது. அந்த அளவுகோலில் அகப்படாதது எது என்று கேட்கும் பணி, காலணி செய்பவரின் மகனுக்குக் காத்திருந்தது.

பதினான்கு வயதளவில் பார்ட்லெட்டை நுரையீரல் உறை அழற்சி என்னும் நோய் தாக்கியது. வெளியூர் சென்று உயர்பள்ளியில் பயிலும் வாய்ப்பு அதனால் தடைப்பட்டது. பிள்ளை வீட்டிலேயே இருந்தார், வயல்வெளிகளில் உலவினார், உடல்நிலை இடம் கொடுத்தபோது கிரிக்கெட் ஆடினார், கையில் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். முறையான பள்ளி வாழ்வு முறிந்தது; கற்கும் ஆர்வம் முறியவில்லை. பின்னர் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனம் ஒன்றின் துணையோடு இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதி, 1909-இல் தத்துவத்தில் முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டமும், 1911-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். கல்லூரி வளாகத்தில் கால் வைக்காமலே பட்டம் பெற்ற ஒருவர், பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சோதனை உளவியல் துறைக்கு முதற் பேராசிரியர் ஆனார் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும். வசதிகள் குறைந்த இடத்தில் பிறந்துவிட்டோமே என்று மனம் சோரும் மாணவர் எவரும் இதை மறவாதிருத்தல் நன்று.

ஆசான் ரிவர்ஸ்

முதுகலைப் பட்டத்துக்குப் பின் பார்ட்லெட் கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். மானிடவியல் பயில வேண்டும் என்பதே அவரது உள்ளக் கிடக்கை. அக்கல்லூரியில் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் என்னும் பேரறிஞர் இருந்தார். மருத்துவராகவும் உளவியலறிஞராகவும் மானிடவியலறிஞராகவும் விளங்கியவர் அவர். 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் அவரும், சார்லஸ் மையர்ஸ் என்னும் மற்றோர் அறிஞரும் இடம்பெற்றிருந்தனர்.

இந்த ரிவர்ஸ் நம் மண்ணுக்கும் வந்தவர். 1901-1902-இல் நீலகிரி மலையில் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து, அவர்களைப் பற்றி 1906-இல் விரிவானதொரு நூல் வெளியிட்டார். எழுதி வைக்கும் வழக்கமில்லாத அம்மக்களின் குடிவழிகளை, அவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்லக் கேட்டு அட்டவணைகளாக அமைத்தார். மனிதனின் மனத்தை அவன் வாழும் சமுதாயத்தோடு சேர்த்தே காண வேண்டும் என்னும் பார்வை அத்தகைய களப்பணிகளில் முதிர்ந்தது. அந்தப் பார்வைதான் மாணவர் பார்ட்லெட்டுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம்.

மானிடவியல் கற்க வந்தவரிடம், முதலில் உளவியல் ஆய்வுக்கூடத்தில் முறையாகப் பயிற்சி பெறுமாறு ரிவர்ஸ் அறிவுரை கூறினார். மையர்ஸின் பெருமுயற்சியால் 1913-இல் கேம்பிரிட்ஜில் புதிய உளவியல் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே நுழைந்த பார்ட்லெட் அதன்பின் அதைவிட்டு வேறெங்கும் போகவில்லை.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. மையர்ஸ் பிரான்சு சென்று, குண்டு அதிர்ச்சியால் மனம் கலங்கிய வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். ரிவர்ஸும் போர்க்கால மருத்துவமனைகளில் மனநோய் கண்ட வீரர்களைக் கவனித்தார். உடல்நலம் குன்றிய பார்ட்லெட் போர்முனைக்குப் போக இயலாமல், கேம்பிரிட்ஜில் தங்கி ஆய்வுக்கூடத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய உதவும் வகையில், மிக மெல்லிய ஒலிகளைச் செவி எவ்வாறு பிரித்தறிகிறது என்று அங்கே ஆராய்ந்தார். அப்பணியில் உடனிருந்த எமிலி மேரி ஸ்மித் என்னும் அம்மையாரை 1920-இல் மணந்துகொண்டார். 1917-இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் தகுதி அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்னரே அவர் மனத்தில் வேறொரு வினா குடிகொண்டிருந்தது.

ஆவிகளின் போர்

எப்பிங்ஹவுஸின் முறையைப் பார்ட்லெட் மதித்தார். ஆனால் அது போதும் என்று கருதவில்லை. பொருளற்ற அசைகளை வாழ்க்கையில் யார் நினைவில் வைக்கிறார்கள்? சந்தையில் கேட்ட செய்தி, பாட்டி சொன்ன கதை, தெருவில் கண்ட முகம், இவையன்றோ நாம் நினைவுகூர்வன? பொருள் அனைத்தையும் நீக்கிவிட்டு நினைவை ஆராய்வது, நீரை வடித்துவிட்டு நீச்சலை ஆராய்வது போன்றதாகும். எதைக் கண்டாலும் கேட்டாலும் அதில் ஒரு பொருளைத் தேடிப் பிடிக்க மனம் ஓயாமல் முயல்கிறது என்பது பார்ட்லெட்டின் அடிப்படைக் கருத்து. அந்த முயற்சி நினைவை என்ன செய்கிறது என்று காண அவர் விரும்பினார்.

அதற்கென அவர் தேர்ந்துகொண்டது, ஃபிரான்ஸ் போவாஸ் என்னும் மானிடவியலறிஞர் வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து பதிவு செய்த ஒரு கதை. ஆவிகளின் போர் என்பது அதன் பெயர். இரு இளைஞர்கள் கடல்நாய் வேட்டைக்காக ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். மூடுபனி சூழ்கிறது. போர் முழக்கம் கேட்கிறது. தோணி ஒன்றில் வந்த ஐவர், மேலாற்றில் போரிடப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று அழைக்கிறார்கள். ஒருவன் மறுத்து வீடு திரும்புகிறான். மற்றவன் உடன் போகிறான். போரில் அவன்மேல் அம்பு பட்டுவிட்டது என்று உடனிருந்தவர்கள் சொல்லக் கேட்கிறான். ஆனால் அவனுக்கு வலியே இல்லை. இவர்கள் ஆவிகள் போலும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஊர் திரும்பி, தீ மூட்டி, நடந்ததையெல்லாம் உறவினருக்குச் சொல்கிறான். கதிரவன் எழும்போது கீழே விழுகிறான். வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவருகிறது. அவன் இறந்துபோகிறான்.

இக்கதையின் நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள தொடர்பு ஆங்கிலேயர்க்கு எளிதில் விளங்காது. விளங்காததை மனம் என்ன செய்கிறது என்று பார்ப்பதே நோக்கமாதலால், பார்ட்லெட் இதைத் தேர்ந்தார். ஒவ்வொருவரும் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து நினைவிலிருந்து எழுத வேண்டும். பின்னர்ச் சில நாள், சில வாரம், சில மாதம் என்று இடைவெளி விட்டு, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் மீண்டும் எழுத வேண்டும். சிலரிடம் ஆண்டுகள் பல கழித்தும் அவர் கேட்டார்.

எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அறிந்து எதையும் மாற்றவில்லை. ஆயினும் கதை மாறியது. கடல்நாய் வேட்டை சிலரிடம் மீன்பிடித்தலாயிற்று. தோணி சாதாரணப் படகாயிற்று. கதையின் பெயரிலேயே இருந்த ஆவிகள் பலர் எழுதியதில் காணாமற் போயின. ஒருவர், ஆவிகள் என்பது ஏதோ ஒரு குலத்தின் பெயர் என்று கொண்டு தம் மனத்தைத் தேற்றிக்கொண்டார். வாயிலிருந்து வந்த கறுப்புப் பொருள் சிலரிடம் நுரையாகவும், சிலரிடம் உடலை விட்டுப் பிரியும் உயிராகவும் உருமாறிற்று. ஆறரை ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஒருவரின் நினைவில், அந்த இரு இளைஞர்கள் உடன்பிறந்தவர்களாகி இருந்தனர். மூலக்கதையில் இல்லாத அடர்ந்த காடு ஒன்றும் அங்கே முளைத்திருந்தது.

மாற்றங்களில் ஓர் ஒழுங்கு இருந்ததைப் பார்ட்லெட் கண்டார். அயலாக இருந்தவை பழக்கமானவை ஆயின. காரணம் இல்லாத இடத்தில் காரணம் புகுந்தது. கதை சுருங்கியது, சுருங்கியது மேலும் மேலும் எழுதியவர்களின் நாட்டு வழக்கத்துக்கு இசைந்தது. ஒருவருக்கு ஒருமுறை அமைந்துவிட்ட வடிவம் பின்னர் எளிதில் அசையவில்லை. கதையைப் பற்றித் தாம் முதலில் கொண்ட உணர்வை மனம் பற்றிக்கொண்டு, அதற்கு இசையும்படி நிகழ்ச்சிகளைப் புதிதாகக் கட்டியது.

வாய் மாறிய கதை

காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்னும் வழக்கு நம் ஊர்களில் உண்டு. ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று தொடங்கிய செய்தி, காக்கை நிறத்தில் எடுத்தான் என்றாகி, கடைசியில் காக்கைகளே பறந்துவந்ததாக முடிந்த கதையை அறியாதார் இல்லை. வாயிலிருந்து வந்த கறுப்புப் பொருளைப் பற்றியே இவ்வளவு கதை வளர்ந்திருப்பது, பார்ட்லெட்டின் சோதனையை நினைக்கும்போது வியப்பளிக்கிறது. நம் முன்னோர் நகைச்சுவையாகச் சொல்லி வைத்ததை அவர் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தார்.

அதற்கான குறிப்பைத் தந்தவர் அப்போது கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த அமெரிக்க இளைஞர் நார்பர்ட் வீனர். பின்னாளில் கணிதத்தில் பெரும்புகழ் பெற்றவர் அவர். ஒருவர் காதில் ஒருவர் செய்தி சொல்லிக் கடத்தும் விளையாட்டை அவர் நினைவூட்டினார். அவ்வாறே முதல்வர் படித்து எழுதியதை இரண்டாமவரும், இரண்டாமவர் எழுதியதை மூன்றாமவரும் படித்து எழுதுமாறு பார்ட்லெட் தொடர் அமைத்தார். கதை மட்டுமன்றிப் படங்களையும் இவ்வாறு கடத்தினார். எகிப்தியச் சித்திர எழுத்தில் உள்ள ஆந்தை வடிவம், கை மாறிக் கை மாறி, முடிவில் கறுப்புப் பூனையாகி நின்றது. பூனை வரைய வேண்டும் என்று அவர்களில் எவரும் எண்ணவில்லை. ஒவ்வொருவரும் தாம் கண்டதையே வரைவதாக நம்பினர்.

சட்டகம் என்னும் கருத்து

ரிவர்ஸ் 1922-இல் காலமானார். மையர்ஸும் அவ்வாண்டே கேம்பிரிட்ஜை விட்டு நீங்கினார். ஆய்வுக்கூடத்தின் முழுப்பொறுப்பும் பார்ட்லெட்டின் தோளில் விழுந்தது. 1931-இல் சோதனை உளவியலின் முதற் பேராசிரியர் ஆனார். 1932-இல் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நினைவுகூர்தல் என்று பெயர் பொருந்திய அவரது பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். கதைச் சோதனைகள் சிலவற்றை 1920-ஆம் ஆண்டிலேயே நாட்டுப்புறவியல் இதழ் ஒன்றில் அவர் வெளியிட்டிருந்தார். அவற்றின் பொருள் என்ன என்று துணிந்து கூற அவர் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

சட்டகம் என்பது அந்நூலின் நடுநாயகமான கருத்து. ஹென்றி ஹெட் என்னும் நரம்பியல் மருத்துவரிடமிருந்து அச்சொல்லை அவர் பெற்றார். அது தமக்கு முழு நிறைவு தரும் சொல் அன்று என்றும் குறிப்பிட்டார். முன்னைய அனுபவங்கள் தனித்தனிச் சரக்குகளாக மனத்தில் அடுக்கி வைக்கப்படவில்லை. அவை ஒன்றுகூடி, இயங்கும் ஓர் அமைப்பாகத் திரள்கின்றன. புதிதாக வருவது அவ்வமைப்பின் வழியே உள்ளே நுழைகிறது. நினைவுகூரும்போதும் அதன் வழியே வெளிவருகிறது. மட்டை பிடிக்கும் ஆட்டக்காரர், முன்பு அடித்த அடிகளில் ஒன்றை எடுத்து அப்படியே மறுபடி அடிப்பதில்லை; முற்றிலும் புதிய அடியையும் படைப்பதில்லை. பழகிய உடம்பும் எதிர்வரும் பந்தும் சேர்ந்து அந்த நொடியில் அந்த அடியை ஆக்குகின்றன. கிரிக்கெட்டில் ஈடுபாடு மிக்க பார்ட்லெட், நினைவுகூர்தலும் இத்தகைய ஆக்கச் செயலே என்று விளக்கினார்.

மேய்ப்பரின் நினைவு

இதிலிருந்து, நினைவெல்லாம் பொய் என்று பார்ட்லெட் சொன்னதாகக் கொள்ளுதல் பெருந்தவறு. அவர் நூலிலேயே இதற்கு மறுமொழி இருக்கிறது. 1929-இல் தென் ஆப்பிரிக்கா சென்றபோது, அவர் ஸ்வாஸிலாந்து நாட்டையும் பார்த்தார். 2018 முதல் எஸ்வாட்டினி என்று வழங்கும் நாடு அது. அந்நாட்டு மக்களின் நினைவாற்றல் வியக்கத்தக்கது என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கூறினர். அதைச் சோதிக்க அவர் ஒரு மேய்ப்பரை அழைத்து, ஓராண்டுக்கு முன் நடந்த மாட்டு வாணிகத்தைப் பற்றிக் கேட்டார். யாரிடம் எந்த மாடு வாங்கப்பட்டது, அதன் நிறம் என்ன, விலை என்ன என்று அம்மனிதர் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போனார். கணக்கேட்டோடு ஒப்பிட்டபோது மிகச் சிறு பிழைகளே இருந்தன. ஆனால் அதே நாட்டுச் சிறுவன் ஒருவனிடம் பொதுவான செய்தி ஒன்றைச் சொல்லி அனுப்பியபோது, அவன் நினைவு ஓர் ஆங்கிலச் சிறுவனுடைய நினைவைவிட மேம்பட்டதாக இல்லை.

அந்த மேய்ப்பரின் சமுதாயத்தில் மாடே செல்வம், மாடே உறவு, மாடே மதிப்பு. வாழ்க்கையில் எது உயிரோடு இருக்கிறதோ அதை நினைவு உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. அந்நாட்டுத் தலைவர்கள் சிலர் முன்னர் இலண்டன் சென்று வந்தனர். மாநகரில் கண்டவற்றுள் அவர்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது, கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்திய காவலரின் காட்சிதான். கையை உயர்த்தி வணங்குவது அவர்கள் நாட்டு முறை. அயலூரில் தம் ஊர் வணக்கத்தைக் கண்ட மகிழ்ச்சியே அந்நினைவைக் காத்தது.

ஆவிகளை மறக்கச் செய்ததும், மாட்டின் விலையை மறவாமற் காத்ததும் ஒரே மனத் தொழில்தான் என்பது பார்ட்லெட் கண்ட உண்மை. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை விலக்க முடியாது. முற்றும் மாறாத நினைவு வேண்டுமென்றால், புதிய சூழலுக்கேற்ப எண்ணும் ஆற்றலையும் இழக்க வேண்டியிருக்கும்.

போர்க்காலப் பணியும் இறுதி ஆண்டுகளும்

இரண்டாம் உலகப் போரில் பார்ட்லெட்டின் ஆய்வுக்கூடம் விமானப் படைக்குப் பெரிதும் துணைபுரிந்தது. அவருடைய அருமை மாணவர் கென்னத் கிரெய்க், விமானியின் இருக்கையைப் போன்ற அமைப்பொன்றைச் செய்து, களைப்பு விமானிகளை எவ்வாறு பாதிக்கிறது என்று சோதிக்க வழி வகுத்தார். களைத்தவர்களின் கவனம் சிதறியது. செய்தொழிலின் தரம் தாழ்ந்தது. ஆனால் அது தாழ்ந்ததை அவர்கள் உணரவில்லை. 1941-இல் ராயல் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் பார்ட்லெட் இவற்றை எடுத்துரைத்தார். தன் மனத்தைப் பற்றி மனிதன் கொள்ளும் உறுதி வேறு, உண்மை வேறு என்பது இங்கும் புலப்பட்டது.

1944-இல் கேம்பிரிட்ஜில் பயன்முறை உளவியல் ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டு, கிரெய்க் அதன் இயக்குநரானார். ஐரோப்பாவில் போர் முடிவுக்கு வந்த 1945 மே மாதத்திலேயே, மிதிவண்டி விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது முப்பத்தொன்று. தம் வழித்தோன்றலாக எண்ணியிருந்தவரை இழந்த பார்ட்லெட், துயரத்தை அடக்கிக்கொண்டு அந்நிலையத்தின் பொறுப்பையும் தாமே ஏற்று நடத்தினார். 1948-இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1958-இல் சிந்தித்தல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1969 செப்டம்பர் 30-ஆம் நாள், எண்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பாக, கேம்பிரிட்ஜில் மறைந்தார். டொனால்ட் பிராட்பென்ட், ரிச்சர்ட் கிரிகரி முதலிய பல அறிஞர்கள் அவரிடம் பயின்றவர்களே.

மறைவுக்குப் பின் வந்த பெருமை

வாழ்ந்த காலத்தில் அவருடைய நினைவுக் கொள்கைக்கு உரிய வரவேற்புக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சோதனைகளில் புள்ளிவிவரக் கணக்கு இல்லை, கட்டுப்பாடு தளர்ந்தது என்னும் குறைகள் எடுத்துக்காட்டப்பட்டன. அக்குறைகளில் நியாயமும் உண்டு. 1967-இல் கால்ட், ஸ்டீபன்சன் என்னும் இருவர் இச்சோதனையைச் செய்து, உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதுமாறு வற்புறுத்தினால் பிழைகள் குறைகின்றன என்று காட்டினர். பிழைகள் குறைந்தனவே ஒழிய மறையவில்லை. 1999-இல் பெர்க்மன், ரோடிகர் என்போர் முறையான கட்டுப்பாடுகளோடு அதே கதையை வைத்து ஆராய்ந்தபோது, காலம் செல்லச் செல்லக் கதை திரிவது மீண்டும் உறுதிப்பட்டது.

பார்ட்லெட் மறைந்து ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ் தம் துணைவர் ஒருவருடன் நடத்திய சோதனை, இக்கருத்தை நீதிமன்றத்தின் வாயிலுக்கே கொண்டுசென்றது. கார் விபத்துக் காட்சி ஒன்றை மாணவர்கள் பார்த்தனர். கார்கள் நொறுங்க மோதிக்கொண்டபோது வேகம் என்ன என்று ஐம்பது பேரிடமும், கார்கள் இடித்துக்கொண்டபோது வேகம் என்ன என்று வேறு ஐம்பது பேரிடமும் கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று அவர்களைக் கேட்டனர். முதல் ஐம்பதில் 16 பேர் கண்டோம் என்றனர். இரண்டாம் ஐம்பதில் 7 பேர் அவ்வாறு சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேட்டவர் பயன்படுத்திய ஒரு சொல், பார்த்தவர் நினைவில் கண்ணாடியை உடைத்துவிட்டது.

2000-ஆம் ஆண்டில் கரீம் நாதர் முதலிய ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த சோதனை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பதிந்துவிட்ட அச்ச நினைவைக் கிளறிவிட்டால், அது மூளையில் மீண்டும் நிலைபெற வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் மூளையின் குறிப்பிட்ட பகுதியில் புரத ஆக்கத்தைத் தடுத்தால், நினைவு தளர்ந்துபோகிறது என்று அவர்கள் கண்டனர். நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று பார்ட்லெட் மனத்தளவில் கண்டதற்கு, உடலளவிலும் ஓர் ஒப்புமை கிடைத்தது எனலாம்.

இவையெல்லாம் அறிஞர்களுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. அமெரிக்காவில், மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கப்பட்டுச் சிறை மீண்டோரின் வழக்குகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான வழக்குகளில் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது கண்கண்ட சாட்சியின் தவறான அடையாளம்தான் என்று தெரியவந்தது. அச்சாட்சிகளில் பலர் நெஞ்சறியப் பொய் சொன்னவர்கள் அல்லர். கூண்டில் ஏறிக் கை நீட்டி, இவன்தான் என்று முழு நம்பிக்கையோடு சொன்னவர்கள். ஆந்தையைப் பூனையாக வரைந்தவர்களும் அதே நம்பிக்கையோடுதான் வரைந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு படம் மாறினால் யாருக்கும் நட்டமில்லை; நீதிமன்றத்தில் ஒரு முகம் மாறினால் ஒரு மனிதனின் வாழ்நாளே பறிபோகிறது.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. பார்ட்லெட்டின் வாழ்நாள் உழைப்பு இப்பழமொழியின் பின்பகுதிக்கு அரண் செய்கிறது. தீர விசாரிப்பது எப்படி என்பதற்கும் அவர் ஆய்வில் வழி இருக்கிறது. நிகழ்ச்சி நடந்தவுடன் எழுதி வைப்பது. பிறர் சொல்லைக் கேட்பதற்கு முன் தான் கண்டதைக் குறித்துக்கொள்வது. கேள்வி கேட்பவர் விடையைக் கேள்விக்குள் வைத்து ஊட்டாதிருப்பது. ஒருவர் அழுத்தம் திருத்தமாகச் சொல்கிறார் என்பதையே அதன் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளாதிருப்பது. நாளைக்கு வழக்கறிஞராகவும், காவல்துறை அலுவலராகவும், செய்தியாளராகவும், ஆசிரியராகவும் அமர இருக்கும் மாணவ மாணவியர் இவற்றை இப்போதே பழகிக்கொள்வது நாட்டுக்கு நல்லது.

நம் அன்றாட வாழ்வுக்கும் இதில் பாடம் உண்டு. பாகப்பிரிவினை நாளில் தந்தை என்ன சொன்னார் என்று அண்ணனும் தம்பியும் வழக்காடுகிறார்கள். நண்பர் இருவர், முதலில் சுடுசொல் சொன்னது யார் என்று ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பி நிற்கிறார்கள். இருவரில் ஒருவர் பொய்யர் என்று ஊர் தீர்ப்பளிக்கிறது. இருவருமே உண்மையாளராய் இருந்து, இருவர் நினைவும் இரு வேறு வகையாக வளர்ந்திருக்கக்கூடும் என்பதைப் பார்ட்லெட்டைப் படித்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். அவ்வாறு எண்ணத் தொடங்கினாலே பாதிப் பகை தணிந்துவிடும்.

பள்ளிப்படிப்பு முறிந்து, வீட்டிலிருந்து பயின்று, எளிய கதை ஒன்றையும் சில படங்களையும் கருவியாகக் கொண்டு, மனித மனத்தைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றியவர் பார்ட்லெட். ஆணி அடித்தவரைக் கேட்டால் ஆணியைக் காட்டுவார். அதைச் சுற்றி மரம் எவ்வாறு வளர்ந்திருக்கிறது என்பதையும் நின்று பார்க்க நமக்குக் கற்றுத்தந்தவர் அவர்.